வீட்டைச் சூடாக்கிய ஞாயிற்றுக்கிழமை

என் அண்ணிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும், அவர்கள் உட்காரச் சொல்வதற்கு முன்பே சுவரைத் தட்டிப் பார்ப்பார். ஜன்னல் சட்டத்தின் ஓரமாகக் கையை வைத்து, காற்று எங்கே புகுகிறது என்று தடவுவார். ஒருமுறை துக்கம் கேட்கப் போன வீட்டில், எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் அண்ணாந்து மேல்தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், மனசு உடைஞ்சு போயிருக்கார் என்று அந்த வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். வாசல் தாண்டியதும் என் காதோரம் குனிந்து, மொட்டை மாடியில் வெயில் தடுக்க ஒரு பூச்சு கூடப் பூசவில்லை, அதனால்தான் அந்த அறை அப்படிக் கொதிக்கிறது என்றார். தெருவில் அவருக்கு 'விரிசல் அக்கா' என்றுதான் பெயர்.

பழைய வீடுகளைச் சரிசெய்து தரும் ஒரு சின்ன நிறுவனத்தில் அண்ணிக்கு வேலை. புது வீடு கட்டுவதற்கு ஊரெல்லாம் ஆள் இருக்கிறார்கள். இருக்கிற வீட்டை வெயிலில் வேகாமல், மழையில் ஒழுகாமல், கரண்ட் பில்லைப் பார்த்ததும் நெஞ்சு அடைக்காமல் செய்து தருவது இவர்கள் வேலை. பில் போடும் பெண்ணாகத்தான் சேர்ந்தார். ஒருநாள் வேலையாள் வராமல் போகவே, விரிசல் அடைக்கும் பசையை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். ஏறியவர் இன்னும் இறங்கவில்லை.

நாங்கள் மூன்று பேர். அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான், நான் மருந்துக் கடையில் நிற்கிறேன். நாங்கள் வாடகைக்கு இருந்தது ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி, தலைக்கு மேலே நேராக மொட்டை மாடி. நாங்கள் குடிவந்த அன்று வீட்டுக்காரர் சட்டை நனையப் பத்து நிமிஷம் உள்ளே நின்றார். இந்த வேக்காட்டில் வேறு யார் இருக்கப் போகிறார்கள், உங்களுக்கு எத்தனை காலம் வேண்டுமோ இருந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனவர், அதன்பின் மாடி ஏறவே இல்லை.

அந்த வீட்டில்தான் அண்ணி தன் கைவரிசையைக் காட்டினார். இரண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள். வேலை நடந்த இடங்களில் மிஞ்சியதைக் கேட்டு வாங்கிவந்து, மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு பூசினார். வடக்கு மூலையில் ஒழுகிய இடத்தைக் கொத்தி எடுத்து அடைத்தார். உள்ளே தெர்மாகோல் பலகைகளை வைத்துப் பொய்க்கூரை போட்டார். கதவு ஜன்னல்களுக்கு ரப்பர் பட்டை, மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டி. அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை மறந்தான். நான் குறை சொல்லிக்கொண்டே பலகை தூக்கினேன். கடைசியில் மத்தியான வெயிலில்கூட மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் போதும் என்று ஆனது.

இது வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரியவிடவும் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை அவர் கீழே வந்து நின்று, மேலே எப்படி இருக்கிறது என்று கேட்பார். அண்ணி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "என்ன சார் சொல்றது, வேகுது" என்பார். நடிப்பில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

போன வெயில் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் போன் செய்தார். மகள் கைக்குழந்தையோடு வாடகை வீட்டில் கஷ்டப்படுகிறாளாம். ஞாயிறு மத்தியானம் அவளை அழைத்து வருகிறாராம். மாடி வீடு இருக்கும்படியாக இருந்தால் அவளுக்குக் கொடுத்துவிடலாம் என்று யோசனையாம். அண்ணி அண்ணாந்து பொய்க்கூரையைப் பார்த்தார். பிறகு, "வீட்டைச் சூடாக்கணும்" என்றார்.

யார் வீட்டில் செய்தாலும் அண்ணி கடித்துக் குதறிவிடும் காரியங்களை எல்லாம் சனிக்கிழமை நாங்களே செய்தோம். உச்சி வெயிலில் ஜன்னல்களை விரியத் திறந்து அனல் காற்றை வரவேற்றோம். சாயங்காலம் குளிர்ந்த காற்று வந்ததும் எல்லாவற்றையும் இழுத்துச் சாத்தினோம். மூங்கில் தட்டியைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். அண்ணன் மூன்று அடுப்பிலும் தண்ணீர் கொதிக்க வைத்தான். நான் பீரோவில் இருந்த துணிகளை எல்லாம் எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன், தேய்க்கத் தேவையில்லாத துண்டுகளைக்கூட. ஞாயிறு காலை வெப்பமானி ஒன்றரை டிகிரிதான் ஏறியிருந்தது.

"அவ்வளவுதான் ஏறிச்சா?" என்றார் அண்ணி. கவலைப்படுகிறார் என்று பார்த்தால், முகமெல்லாம் சிரிப்பு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீடு கைவிட்டுப் போகப் போகிறது, இவருக்கு இப்போது பெருமை வேறு கேட்கிறது. யாரிடமும் சொல்லாமல் கறுப்புத் தார்ப்பாய் ஒன்றை இரவல் வாங்கி மொட்டை மாடியில் விரித்தேன். அது ஒன்றுதான் வேலைக்கு ஆகியிருக்கும். கால் மணி நேரத்தில் அண்ணி மேலே வந்து அதைச் சுருட்டிவிட்டார். தன் முகத்தில் கரி பூசினால்கூடப் பொறுத்துக்கொள்வாராம், அந்தப் பூச்சின் மேல் கறுப்பு விரித்தால் பொறுக்க மாட்டாராம்.

பன்னிரண்டரைக்கு அவர்கள் படியேறும் சத்தம் கேட்டது. அதோடு குழந்தையின் அழுகையும் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் குழாயில் முகத்தை நனைத்துக்கொண்டு, ஆளுக்கொரு அட்டையால் விசிறியபடி நின்றோம். அண்ணன் சட்டையின் முதுகிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டான். கொஞ்சம் ஓவர்தான்.

வீட்டுக்காரருக்கு அந்த நடிப்பே தேவைப்படவில்லை. வீடு கொதிக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் வந்திருந்தார். உள்ளே காலை வைத்ததுமே, அப்பப்பா, இதில் எப்படித்தான் இருக்கிறீர்களோ என்று கைக்குட்டையால் விசிற ஆரம்பித்துவிட்டார். எங்களைப் பார்த்துப் பாவப்பட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்கு ஓட வேண்டியதாயிற்று.

திரும்பி வந்தபோது ஏதோ குறைந்திருந்தது. அழுகைச் சத்தம். கழுத்தெல்லாம் வேர்க்குருவோடு மூன்று மாடியும் வீறிட்டுக்கொண்டு வந்த குழந்தை, அம்மாவின் தோளில் வாயைத் திறந்தபடி சாய்ந்து கிடந்தது. வீட்டுக்காரர் பதறிப் போனார். புழுக்கத்தில் மயங்கிவிட்டது, தண்ணீர் தெளியுங்கள் என்று கூச்சல் போட்டார். மகள் குழப்பத்தோடு குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது வீடே இல்ல. அடுத்த மாசமே ஆளை விட்டு இந்த மாடிய இடிச்சுத் தள்ளிடறேன்" என்றார் வீட்டுக்காரர்.

நான் அண்ணியைப் பார்த்தேன். அட்டை அவர் கையில் அப்படியே நின்றுவிட்டது. வாயைத் திறக்காதீங்க அண்ணி என்று மனசுக்குள் கும்பிட்டேன். அவர் முந்தானையால் முகத்தில் இருந்த குழாய்த் தண்ணீரைத் துடைத்தார்.

"மயக்கம் இல்ல சார். குழந்தை தூங்குது. சத்தம் போடாதீங்க" என்றார்.

அதன்பிறகு ஒன்றையும் மறைக்கவில்லை. வீட்டுக்காரரை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்ச் செருப்பைக் கழற்றச் சொன்னார். உச்சி வெயிலில் அந்த மனிதர் வெறுங்காலோடு வெள்ளைத் தளத்தில் நின்று, ஒரு காலை எடுத்தார், இன்னொரு காலை எடுத்தார், பிறகு இரண்டையும் ஊன்றி நின்றார். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டதற்கு, தெரிந்தால் எடுத்துக்கொள்வீர்கள் என்று பயந்தோம் என்று அண்ணி உள்ளதைச் சொன்னார். மகள்தான், குழந்தையை இறக்காமல், மெதுவாகக் கேட்டாள்.

"நான் இங்க வந்துட்டா நீங்க எங்கக்கா போவீங்க?"

"எங்க போனா என்னம்மா, அங்கயும் விரிசல் இருக்கும்" என்றார் அண்ணி.

மூன்று வாரம் கழித்து, மாடியை இடிக்கவில்லை, மகள் வருகிறாள் என்று செய்தி வந்தது. நான் அண்ணியிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் சண்டை போட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒரு மாசமாவது கிடைத்திருக்குமே என்றேன். அண்ணி மூங்கில் தட்டியைத் தேடி எடுத்துத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு மாசம் இருந்து, அதை இடிக்கிறதப் பாக்கச் சொல்றியாடி?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது நாங்கள் இரண்டு தெரு தள்ளி, இன்னொரு மொட்டை மாடிக்கு அடியில் இருக்கிறோம். நேற்று இந்த வருஷத்தின் முதல் பெருமழை. கூடத்தில் இரண்டு வாளி, ஒரு அண்டா, போதாதென்று என் சாப்பாட்டுத் தட்டையும் வைத்து ஒழுகலைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அண்ணி அவற்றுக்கு நடுவே நின்று அந்த மகளுக்குப் போன் செய்து, வடக்கு மூலையைப் பார்க்கச் சொன்னார். அவள் பார்த்துவிட்டு வரும்வரை அசையாமல் காத்திருந்தார். போனை வைத்ததும் அண்ணனைக் கூப்பிட்டார்.

"என்னங்க, நம்ம வீட்ல ஒரு சொட்டு கூட ஒழுகலையாம்" என்றார்.

அண்ணன் நிரம்பிய வாளியை எடுத்துக்கொண்டு போய் வெளியே கொட்டினான்.