எவ்வளவு பெரிய சர்வர் வேணும் சார்?

தையல்காரருக்கு ஒரு வசதி உண்டு, அளவெடுக்க எதிரே ஆள் நிற்பார். எங்கள் தொழிலிலோ தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு இன்றைக்கே கல்யாணச் சட்டை தைத்துத் தர வேண்டும்.

ஒரு கடையின் எல்லாக் கிளைகளிலும் விழும் பில்களை ஒரே இடத்தில் கொட்டிவைத்து, எந்தச் சரக்கு எங்கே ஓடுகிறது, எது தூங்குகிறது என்று முதலாளி கேட்டால் பதில் சொல்கிற கம்ப்யூட்டர் ஏற்பாட்டுக்கு டேட்டா வேர்ஹவுஸ் என்று பெயர். அதற்கு எவ்வளவு பெரிய சர்வர், எவ்வளவு மெமரி, எவ்வளவு டிஸ்க் வேண்டும் என்று அளவு சொல்வது என் பிழைப்பு. வீடு சேலையூரில். தாம்பரத்தைச் சுற்றி ஸ்கூட்டரில் அலைச்சல். இதே பிழைப்பில் இருக்கும் சக பாவிகளே, படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

வெள்ளையடித்த குடோன்

படப்பையில் ஒருவர் சிமெண்ட், பெயிண்ட், குழாய்ச் சாமான் விற்கிறார். ஒரகடம் வரைக்கும் கிளைகள். போனில் எல்லாம் பேசி முடித்து, "இடத்தைப் பார்க்க வரேன் சார்" என்று சொல்லியிருந்தேன். போனவுடன் கடைக்குப் பின்னால் கூட்டிப்போனார். குடோனில் பாதியைக் காலி செய்து, வெள்ளையடித்து, புது ஷட்டர் போட்டு, வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தார். லாரி வந்து நிற்கச் சரிவு மேடைகூடப் போட்டாகிவிட்டது. "டேட்டா என்னிக்கு சார் வந்து இறங்கும்? லோடுமேனுக்குச் சொல்லி வைக்கணும்" என்றார்.

சர்வர் என்பது மேஜைக்கு அடியில் அடங்கிவிடும் ஒரு பெட்டி என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். அவர் என் கைகளுக்கு நடுவில் இருந்த இடத்தையும் குடோனையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. கடைசியில் ஷட்டரைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இத்துனூண்டா? வேர்ஹவுஸ் கட்டுறேன்னு மச்சினன் வரைக்கும் சொல்லிட்டேன் சார். கொஞ்சம் பெருசாப் போட முடியாதா?"

பழசு எவ்வளவு வைக்கலாம்?

கோவளத்தில் ஓர் அக்கா. கரையில் மீனை ஏலத்தில் எடுத்து, கடற்கரைச் சாலை ஓட்டல்களுக்கு வேனில் அனுப்புகிறவர். எந்த ஓட்டல் எந்தக் கிழமை என்ன மீன் கேட்கிறது என்று தெரிந்தால் வியாபாரம் சுலபம் என்று அவருடைய மகள்தான் என்னைக் கூப்பிட்டாள். நாங்கள் கேட்கும் கேள்விகளில் முக்கியமானது, பழைய கணக்கை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது. அதைப் பொறுத்துத்தான் டிஸ்க் அளவு. மகள் பேங்குக்குப் போயிருந்தாள். நான் நேராகக் கரைக்கே போய்விட்டேன்.

ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஒரே கூச்சல். அக்காவின் பக்கத்தில் ஓர் ஓட்டல்காரர் குனிந்து வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தில் காது கேட்கவேண்டுமே என்று நான் தொண்டை கிழியக் கேட்டேன்: "அக்கா, பழசையெல்லாம் மூணு வருஷம் வச்சிருப்பீங்களா, அஞ்சு வருஷமா?" ஓட்டல்காரர் சட்டென்று கையை எடுத்துவிட்டு, பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். அக்கா இடுப்பில் கைவைத்து என் பக்கம் திரும்பினார்: "யோவ் சார்! நேத்து மீனையே நான் வச்சிக்க மாட்டேன். நீ இன்னான்னா மூணு வருசம்னு என் கூடையாண்ட நின்னு கத்திகினு கீற. போய் என் பொண்ணாண்ட கேளு, போ!"

ஒருத்தர்தான் பார்ப்பார்

பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்தும் மூன்று சகோதரர்கள். சொத்து கூட்டு, பேச்சுவார்த்தை கிடையாது. மெஸ்ஸில் மூவரும் ஒரே மேஜையில்தான் சாப்பிடுவார்கள். அன்றைக்கு நானும் உட்கார்ந்தேன். "சாம்பாரை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க சார்" என்று பெரியவர் என்னிடம் சொல்வார். வாளி சின்னவரின் முழங்கையை இடித்துக்கொண்டுதான் இருக்கும்.

ஒரே நேரத்தில் எத்தனை பேர் ரிப்போர்ட் பார்ப்பீர்கள் என்று தனித்தனியாகக் கேட்டேன். மூவரும், "நான் ஒருத்தன்தான். அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது" என்றார்கள். சரி, சின்ன சர்வர் போதும் என்று போட்டுவிட்டேன். ஒரே வாரத்தில் அது மூச்சு முட்டிப் படுத்துவிட்டது. போய்ப் பார்த்தால், மூன்று அறைகளில் மூன்று பேரும் ஒரே ரிப்போர்ட்டை விடாமல் தட்டித் தட்டித் திறந்துகொண்டிருக்கிறார்கள். "அப்படி என்னங்க அதுல தேடுறீங்க?" என்று சின்னவரைக் கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "எதையும் தேடல சார். அவங்க பார்க்கிறாங்களான்னுதான் பார்த்துகிட்டே இருக்கேன்."

ஏசி

குரோம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப். சர்வர் சூடாகாமல் இருக்க எவ்வளவு பெரிய ஏசி வேண்டும் என்றும் நான்தான் கணக்குச் சொன்னேன். சரியான கணக்கு. சித்திரை வெயிலில் சர்வர் அடிக்கடி அணைந்துபோகிறது என்று போன் வந்தது. கதவைத் திறந்தால், அந்தக் கட்டிடத்திலேயே ஏசி இருக்கும் ஒரே அறையில் ரிசப்ஷன் பெண், அக்கவுண்டண்ட், ரத்தம் எடுக்கும் நர்சு, ரத்தம் கொடுக்க வந்த தாத்தா என்று எல்லாரும் தரையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார்கள். சர்வருக்கு மேலே தயிர்ச்சாதம். "இது மெஷின் ரூம்மா!" என்று கத்தினேன். நர்சு ஊறுகாய்ப் பாட்டிலை மூடிக்கொண்டே கேட்டார்: "மெஷினுக்கு அளவு எடுத்தீங்க சரி, எங்களை யார் சார் அளவு எடுப்பாங்க?"

தலைமேல் வந்த பெட்டி

முடிச்சூரில் பாஸ்கர் என்று ஒருவர். அக்கம்பக்கத்து ஊர்களில் மருந்துக்கடைகள். சர்வரை முடிச்சூர் வீட்டில், கீழ் அறையில் வைத்திருந்தார். இன்னொரு இடத்தில் ஒரு காப்பி இருக்கட்டும், அதற்கும் ஒரு பெட்டி வாங்குங்கள் என்று கெஞ்சினேன். "ஒரே கணக்கை எதுக்கு சார் ரெண்டு தடவை வைக்கணும்?" என்று எஸ்டிமேட்டில் அந்த வரியை அடித்துவிட்டார்.

கார்த்திகையில் ஏரி நிரம்பி, தண்ணீர் தெருவுக்குள் வந்துவிட்டது. காலையில் போன். "சர்வரைக் காப்பாத்திட்டேன் சார்! மெயின் ரோட்டாண்ட நிக்கிறேன், சீக்கிரம் வாங்க!" இடுப்பளவு தண்ணீரில், ஒரு பெட்டியைச் சாக்கில் கட்டித் தலைமேல் வைத்துத் தெருத்தெருவாக நடந்து வந்திருக்கிறார். பல் கிட்டித்துப்போயிருந்தது. ஆனால் முகத்தில் அப்படி ஒரு வெற்றிக் களை.

சாக்கைப் பிரித்தேன். உள்ளே யூபிஎஸ். கரண்ட் போனால் சர்வரைத் தாங்கிப் பிடிக்கிற பேட்டரிப் பெட்டி. "இது சர்வர் இல்லை சார்" என்றேன். சொன்னதும் அவர் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "வெயிட்டா இருந்துச்சே சார்... இதுதான் சர்வர்னு நினைச்சேன். இன்சுலின் போடுறவங்க அட்ரஸ் எல்லாம் அதுலதானே இருக்கு? யாருக்கு என்ன மருந்துன்னு நான் எங்க போய்க் கேப்பேன்?" அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

மத்தியானம் ஒரு டிராக்டர், முடிச்சூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு வந்தது. அதில், வீட்டு மாடியிலேயே தங்கிவிட்டிருந்த அவர் மனைவி. மடியில் புடவை சுற்றிய ஒரு பெட்டி. ஒரு சொட்டு ஈரமில்லாத சர்வர். தாம்பரம் கடையில் வைத்து அதை ஓடவிட்டோம். இருட்டுவதற்குள், படகு போகும் இடத்துக்குப் படகிலும் வண்டி போகும் இடத்துக்கு வண்டியிலும் மருந்து போய்ச் சேர்ந்தது. பாஸ்கருக்கு மட்டும் ஆறவில்லை. "இது எப்படிம்மா உன்கிட்ட?" என்றார். அந்த அம்மா பின்னலை அவிழ்த்து உலர்த்திக்கொண்டே சொன்னார்: "கொலு வைக்க இடமில்லன்னு நவராத்திரிக்கே இதை மாடிக்கு ஏத்தி, அங்கயே மாட்டிட்டேன். அந்த வெயிட்டுப் பெட்டியைத்தான் தூக்க முடியல, கீழயே விட்டேன். அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேன், நீங்கதான் போனைப் பார்த்துகிட்டே 'உம், உம்'னீங்க."

இப்போதெல்லாம் முதலாளி எத்தனை கேள்விக்குப் பதில் சொன்னாலும், வீட்டம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான் எந்த சர்வருக்கும் அளவு எழுதுவதில்லை.