பேர் வராது

நாரந்தனை ஜெனீற்றாவிடம் வாய் திறக்காத ஆள் தீவுப்பக்கத்தில் இல்லை என்பார்கள். அது புகழ்ச்சியா பழிப்பா என்று கேட்டால், சொல்கிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு சமூகக் கொள்கை ஆய்வு நிலையம் இருக்கிறது. அரசாங்கம் சனத்துக்கு என்ன செய்தது, எதைச் செய்யாமல் விட்டது, இனி என்ன செய்தால் நல்லது என்று ஆராய்ந்து அறிக்கை எழுதுகிற இடம். கலாநிதிகள் இருக்கிறார்கள், ஆங்கிலத்தில் அழகாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எழுதுவதற்குச் சனத்தின் வாயிலிருந்து ஏதாவது வரவேண்டுமே! அதைப் போய்க் கேட்டுக்கொண்டு வருகிறவள் ஜெனீற்றா. கள ஆய்வாளர் என்பது அவளுடைய பதவிப் பெயர். இடப்பெயர்வுகளுக்குள்ளே அகப்பட்டுப் படிப்பை அரைகுறையில் விட்டவள், கலியாணம் கட்டி, மகள் மேனுகா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிற ஒரு தற்காலிக வேலைக்கு வந்தாள். வந்தவளை நிலையம் பிறகு விடவில்லை.

அவள் வேலை செய்கிற விதம் அப்படி. போன வீட்டில் கதிரை போட்டால் இருக்கமாட்டாள். நேரே குசினிக்குள் போவாள். வெங்காயம் கிடந்தால் உரிப்பாள், மீன் கிடந்தால் செதில் சுரண்டுவாள். கறி கொதிக்கிற நேரத்தில், அந்த வீட்டுப் பெண் தன் புருஷனுக்கும் சொல்லாததை அவளுக்குச் சொல்லியிருப்பாள். பிறகுதான் கையைக் கழுவிக்கொண்டு கேட்பாள்.

“இதை நான் பதிஞ்சு கொள்ளட்டே? உங்கட பேர் வராது.”

எத்தனை குசினிகளில் இதைச் சொல்லியிருப்பாளோ, அவளுக்கே தெரியாது. சொன்ன சொல்லை இதுவரை காப்பாற்றியும் இருந்தாள்.

எழுவைதீவு எமிலியும் அப்படித்தான் சொன்னாள். முதல் நாள் காலநிலையைப் பற்றி மட்டும் கதைத்தாள். அடுத்த முறை போனபோது, சூடை மீனுக்குத் தலை கிள்ளிக்கொண்டே சொல்லிவிட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு, காற்றுக் காலம். பிள்ளை பெற இன்னும் நாள் கிடக்கவே, ஒரு ராத்திரி வயிற்றுக்குத்துத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரி இருக்கிற ஊர்காவற்றுறைக்குப் போகிற பயணிகள் படகு இனி விடிந்தால்தான். எமிலியின் புருஷன் யூட், தான் கூலிக்குத் தொழிலுக்குப் போகிற படகின் சொந்தக்காரர் கிறிஸ்தோப்பரிடம் ஓடினான். கடல் கூடாது, விடியட்டும் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அதே படகின் எஞ்சின் சத்தம் மேற்குப் பக்கம் போவது எமிலிக்குக் கேட்டது. விடிந்து, பயணிகள் படகில், நடுக்கடலில் பிள்ளை பிறந்தது. அழவில்லை.

“வலைக்குப் போகக் கடல் நல்லாத்தான் இருந்ததக்கா,” என்றாள் எமிலி. “என்னை ஏத்தத்தான் கடல் கூடாமல் போச்சு.”

பிள்ளையை அடக்கம் செய்த கையோடு யூட் மறுபடியும் கிறிஸ்தோப்பரின் படகுக்குத்தான் போனான். அந்தச் சின்னத் தீவில் அவனை ஏற்ற வேறு படகு இல்லை. அதனால்தான் எமிலி ஜெனீற்றாவின் கையைப் பிடித்து, வேறு ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று கெஞ்சினாள். தெரிந்தால் அடுப்பு எரியாது. ஜெனீற்றாவும் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள், பேர் வராது என்று.

பேர் வரவில்லைதான். அதுதான் வேடிக்கை.

நிலையத்தில் ஒரு நடைமுறை உண்டு. கண்டறிந்ததை அந்த ஊர்ச் சனத்துக்கே முதலில் காட்ட வேண்டும் என்பது. அதற்காக அலுவலகத்தில் நின்று சண்டை பிடித்தவளே ஜெனீற்றாதான். கொழும்பு ஹோட்டலில் குளிர்காற்றுக்குள் இருந்து தீவுச் சனத்தைப் பற்றிக் கதைக்கிறீர்களே, அந்தச் சனம் கேட்க வேண்டாமா என்று கேட்டாள். நிலையத்தின் பணிப்பாளர் கலாநிதி நிமலினி அதை ஏற்றுக்கொண்டார். ஆக, அன்று காலை எழுவைதீவுக்குக் கூட்டத்துக்குப் போன படகில் ஜெனீற்றா இருந்ததற்குக் காரணம் அவளுடைய வாய்தான்.

வாடகைக்குப் பேசிய படகு கிறிஸ்தோப்பருடையது. பின்னால் எஞ்சினோடு அவர். முன்னால் யூட். யூட்டுக்குப் பக்கத்தில், பாதுகாப்பு அங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி மாகாணத்திலிருந்து வந்த பெரிய அதிகாரி. தீவுகளுக்கு அம்புலன்ஸ் படகு விடுவதா இல்லையா என்று சொல்லக்கூடியவர் அவர்தான். நடுவில் நிமலினி, ஜெனீற்றா, நிலையத்துக்குப் படம் எடுக்கிற லவன்.

“அக்கா, ராத்திரித்தான் முடிச்சனான், கேட்டுப் பாருங்கோ,” என்று லவன் காதுக்குள் வைக்கிற கருவியொன்றைக் கொடுத்து மடிக்கணினியைத் திருப்பினான்.

திரையில் கடல். காதுக்குள் ஜெனீற்றாவின் குரல். சில மாதங்களுக்கு முன் அலுவலகத்தில் வைத்து எமிலியின் வார்த்தைகளை அவளே வாசித்துப் பதிவு செய்தது. எமிலியின் குரல் யாருக்கும் தெரியக்கூடாது என்று ஜெனீற்றாவே கேட்டுச் செய்தது. ஆனால் அது கொழும்புக் கூட்டத்துக்கு என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

*வலைக்குப் போகக் கடல் நல்லாத்தான் இருந்தது...*

ஜெனீற்றா கருவியைக் காதிலிருந்து பிடுங்கினாள். நிமலினியின் பக்கம் சாய்ந்தாள். நல்ல வேளை, எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது.

“மிஸ், இதை இஞ்ச போட ஏலாது.”

“ஏன்? பேர் இல்லை. படத்தில தீவின்ர பேரும் இல்லை. குரல்கூட உம்மடது.”

“பேர் என்னத்துக்கு மிஸ்? கொழும்பில போட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. இஞ்ச ஆரின்ர வீட்டில என்ன கறி எண்டே எல்லாருக்கும் தெரியும். படகில பிள்ளை செத்தது ஒரே ஒரு ஆளுக்கு.”

நிமலினி முன்னால் இருந்த அதிகாரியைக் கண்ணால் காட்டினார். “அவருக்குப் புள்ளிவிபரம் காட்டிக் காட்டி எனக்கு அலுத்துப்போச்சு. இந்த ஒரு வசனம்தான் அவரை அசைக்கும். நாளைக்கு இன்னொரு பிள்ளை இப்பிடிப் போனால் ஆர் பொறுப்பு? நீரோ?”

நிமலினி கெட்ட மனுஷி என்றால் இந்தக் கதையைச் சொல்வது எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். அவர் அப்படியில்லை.

“மிஸ், திரும்பிப் பாக்காதையுங்கோ. படகு தரமாட்டன் எண்டவர்தான் இப்ப எங்களைக் கொண்டு போறார். முன்னுக்கு நிக்கிறது அந்தப் பிள்ளையின்ர தகப்பன்.”

நிமலினி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவருடைய கழுத்து விறைத்துப்போனது தெரிந்தது. அந்த வசனத்தை மட்டும் வெட்டலாமா என்று லவனைக் கேட்டார். இப்போது வெட்டினால் படம் முழுவதும் குழம்பும், போடாமல் விடுவதென்றால் முழுப் படத்தையும் விட வேண்டும் என்றான் அவன். இறங்குதுறை கிட்ட வந்துவிட்டது. நிமலினி சொன்னார்:

“போடுவம். ஒருத்தரும் அவ்வளவு கவனிக்க மாட்டினம்.”

படித்த மனிதர்கள் சனத்தைப் பற்றி நினைக்கிற பிழைகளில் இதைவிடப் பெரிய பிழை இல்லை.

ஆலய மண்டபம் நிறைந்திருந்தது. மாதர் சங்கத்துப் பெண்கள் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குள் எமிலியும் ஒருத்தி, தட்டோடு. ஜெனீற்றா கூட்டத்தை இடித்துக்கொண்டு அவளிடம் போனாள்.

“எமிலி, நீர் கொஞ்ச நேரம் வீட்டை போம்.”

“ஏனக்கா? இன்னும் அரைவாசிப் பேருக்குத் தேத்தண்ணி குடுக்கேல்லை.”

“சொல்லுறதைக் கேளும். பிறகு சொல்லுறன்.”

அதற்குள் செபம் தொடங்கிவிட்டது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். எமிலி தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். செபம் முடிய விளக்கை அணைத்தார்கள். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் ஜெனீற்றா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

கடல் வந்தது. குரல் வந்தது. தன்னுடைய குரலை அவ்வளவு வெறுப்போடு அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த வசனமும் வந்து போனது. மூன்றாம் வரிசையில் இருந்த கிறிஸ்தோப்பரின் முகத்தில் ஈயாடவில்லை. முதலில் சில தலைகள் அவர் பக்கம் திரும்பின. பிறகு மெல்ல மெல்ல, தேநீர்த் தட்டு நின்ற பக்கம் திரும்பத் தொடங்கின.

விளக்கைப் போட்டார்கள். கிறிஸ்தோப்பர் எழுந்தார்.

“இது ஆர் சொன்னது?”

நிமலினி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் முன்வரிசையில் ஒரு கிழவி, “குரல் எங்கட ஜெனீற்றாவின்ரதெல்லோ?” என்றாள்.

திரும்பிக்கொண்டிருந்த தலைகள் பாதியில் நின்றன. கயிறு எறிந்தது போல் அதை ஜெனீற்றா எட்டிப் பிடித்தாள்.

“ஓம். அது என்ர கதை.”

“என்ன கதை?” என்றார் கிறிஸ்தோப்பர்.

“நான் கலியாணம் கட்டின புதுசில அவரின்ர ஊரில, அனலைதீவில இருந்தனான். மேனுகாவுக்கு முதல் ஒண்டு. படகிலதான் போனது. ஒருத்தருக்கும் சொன்னதில்லை.”

பள்ளிக்கூடத்தில் இருக்கிற மகளின் முகம் கண்முன்னால் வந்தது. இல்லாத பிள்ளையொன்றைச் சாகடித்து, இருக்கிற பிள்ளைக்குப் பழி தேடுகிறேனோ என்று பயந்தாள். நிமலினி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வு நிலையத்தில் இருப்பவர்கள் செய்யவே கூடாத ஒன்று உண்டென்றால் அது கண்டறிந்ததில் பொய் கலப்பது; அதைத்தான் அவள் இத்தனை பேருக்கு முன்னால் செய்துகொண்டிருந்தாள்.

சனம் உச்சுக்கொட்டியது. கிழவி கண்ணைத் துடைத்தாள். ஜெனீற்றாவுக்கு மூச்சு வந்தது. ஆனால் அதிகாரி விடவில்லை. அவருடைய வேலையே கேள்வி கேட்பதுதானே.

“அப்ப அது அனலைதீவுப் பிரச்சினை. இஞ்ச இப்பிடி ஏதும் நடந்ததோ?”

மண்டபம் நிலத்தைப் பார்த்தது. ஜெனீற்றா இதை நினைக்கவேயில்லை. தீயை அணைக்கப் போய்க் கிணற்றையும் மூடிவிட்டாள்.

“அப்பிடி ஒண்டும் இஞ்ச நடக்கேல்லை ஐயா,” என்றார் கிறிஸ்தோப்பர். “அவசரமெண்டால் எங்கட படகு இருக்கு. நாங்கள் பாத்துக்கொள்ளுவம்.”

ஒரு வாய் திறக்கவில்லை. யூட் வாசலில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். எமிலி அதிகாரியிடம் போய்த் தட்டை நீட்டினாள். அவர் கோப்பையை எடுத்து, நல்ல தேத்தண்ணி என்றார்.

திரும்பி இறங்குதுறைக்கு நடக்கும்போது நிமலினி மெல்லிய குரலில் கேட்டார். “என்ன செய்தனீர் எண்டு உமக்கு விளங்குதே? அறிக்கையில எழுவைதீவு எண்டு கிடக்கு. இனி ஆர் எங்களை நம்புவினம்? அம்புலன்ஸ் படகும் போச்சு.”

“என்னை நிப்பாட்டுறதெண்டால் நிப்பாட்டுங்கோ மிஸ். நான் அவளுக்குச் சொல்லு குடுத்தனான்.”

அந்த நேரத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. வேலை போனாலும் போகட்டும், எமிலியின் வீட்டு அடுப்பு எரியும் என்று நினைத்தாள்.

கிறிஸ்தோப்பர் எஞ்சினடியில் குனிந்திருந்தார். யூட் முன்னால் நின்று கட்டுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். லவனும் நிமலினியும் ஏறிவிட்டார்கள். அதிகாரி ஒரு காலைப் படகில் வைத்திருந்தபோது, பின்னால் யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டது.

எமிலி. மூச்சு வாங்க வந்து ஜெனீற்றாவின் முன்னால் நின்றாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து, வேண்டாம், போ என்று ஜெனீற்றா கண்ணால் காட்டினாள்.

“அக்கா, பேர் வராதெண்டு சொன்னியள்.”

“வரேல்லைத்தானே எமிலி. மெல்லக் கதையும்.”

“பேர் வரேல்லை. சரி. பிள்ளையையும் எடுத்துக்கொண்டு போவன் எண்டு சொல்லேல்லையே?”

ஜெனீற்றா நீட்டிய கையை எமிலி தட்டிவிட்டாள்.

“எல்லாரும் உங்களுக்கு அழுதவை. கிழவி உங்களுக்கு அழுதவ. என்ர பிள்ளைக்கு இந்த ஊரில ஒருத்தரும் வாய் திறந்து அழுததில்லை, தெரியுமே? இண்டைக்கு அழுதவை. அதுவும் உங்கட பிள்ளையெண்டு அழுதவை.” அவள் குரல் உடைந்து, உடைந்த இடத்திலிருந்து உரத்தது. “அனலைதீவில இல்லை. இந்தத் துறையிலயிருந்து வெளிக்கிட்டு, அந்தா, அந்தக் கடலில. பொம்பிளைப்பிள்ளை. அது என்ர பிள்ளை அக்கா. நான்தான் சொன்னனான். என்ர பேரைப் போடுங்கோ.”

கிறிஸ்தோப்பர் நிமிர்ந்தார். எஞ்சினைக் கிளப்ப இழுக்கிற கயிறு அவர் கையில் அப்படியே இருந்தது. அதிகாரி படகில் வைத்த காலை எடுத்து மறுபடியும் கரையில் வைத்தார். யூட் மனைவியைப் பார்த்தான். பிறகு தன் முதலாளியைப் பார்த்தான். ஜெனீற்றா அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

யூட் கட்டுக் கயிற்றைப் படகுக்குள் போட்டுவிட்டு இறங்கி, எமிலிக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.