எழுபதாவது நிமிஷத்து வெளிநடப்பு

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் ஒருவருக்குக் கால்பந்து மைதானத்தில் ‘வெளிநடப்பு’ என்று பெயர். அரசியலுக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஊர் அணி ஆடும்போது எழுபதாவது நிமிஷத்தில் எழுந்து வெளியே போவார். அவர் போனால் கோல் விழும். அவ்வளவுதான் சமாசாரம்.

இந்த மகத்தான சக்தி பிறந்தது அவருடைய மூத்திரப்பையில். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மேட்ச். அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, எழுபதாவது நிமிஷத்தில் ஓடினார். அவர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தபோது மைதானமே அலறியது. கோல். பித்தானைக்கூடப் போடாமல் ஓடி வந்தால், எல்லோரும் கட்டிப்பிடித்து முடித்து உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த வாரம் அவருடைய சிநேகிதரான பஸ் டிரைவர், “சும்மா ஒரு தடவ போய்ட்டு வாடா, பாப்போம்” என்றார். போனார். மறுபடியும் கோல். மூன்றாவது வாரம் போயும் ஒன்றும் விழவில்லை. ஆனால் அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. டிரைவர் கடிகாரத்தைப் பார்த்து “எழுபது” என்பார். வெளிநடப்பு எழுந்ததும் அந்த வரிசை முழுக்க எழுந்து வழிவிடும். முன்பின் தெரியாதவன்கூட முதுகில் தட்டி “நல்லபடியா போய்ட்டு வாங்கண்ணே” என்பான். ஏதோ வெளிநாட்டுக்குப் போகிற ஆளை வழியனுப்புகிற மாதிரி. சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளருக்கு அவர் முகமே சரியாகத் தெரியாது. இங்கே இரண்டு வரிசை ஜனம் எழுந்து நிற்கிறது. யாருக்குத்தான் கசக்கும்?

கசந்த ஒரே விஷயம், பதினோரு வருஷத்தில் ஒரு கோலைக்கூட அவர் சரியாகப் பார்த்ததில்லை. எழுபதுக்கு முன்னால் நம் பையன்கள் கோல் போட்டால் அது உலக அதிசயம். அந்த அதிசயம் நடந்த இரண்டு தடவையும் ஒன்றில் செருப்புவாரைச் சரிசெய்துகொண்டிருந்தார், இன்னொன்றில் முன்னால் நின்ற ஆள் மறைத்துவிட்டான். இருந்தாலும் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் கையை ஆட்டி ஆட்டிக் கதை சொல்வார். முட்டிவலியால் மூன்றாம் மாடியிலிருந்து இறங்காதவள் அவள். “இடது பக்கமா வந்தான், ரெண்டு பேர ஏமாத்துனான், விட்டான் பாரு ஒண்ணு!” எல்லாம் டிரைவர் சொல்லக் கேட்டது. அவள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து கேட்பாள்.

மூன்று மாசத்துக்கு முன்னால் வார்டிலிருந்து புகார் வந்தது. இஸ்திரி போட்டு வந்த விரிப்பின் ஓரத்தில் கறை அப்படியே இருக்கிறதாம். சூடான இஸ்திரி உருளைக்குள் தள்ளுமுன் நாலு ஓரமும் பார்ப்பதுதான் அவர் வேலை. பார்த்தேன் என்று சத்தியம் செய்தார். அடுத்த வாரம் உருளையின் ஓரம் தெரியாமல் மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டார். அதே ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். ஒரு பெட்டிக்குள் தலையை விட்டு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள்.

“ஓரத்துப் புள்ளிக்கு அமுக்கவே இல்லையே?” என்றார் டாக்டர்.

“வந்தாத்தானே சார் அமுக்க?”

“வந்துச்சு. நாப்பது தடவ வந்துச்சு.”

கண்ணுக்குள் அழுத்தம். ஓரத்திலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறது. போனது போனதுதான், மருந்து விட்டால் மிச்சம் இருப்பது மெதுவாகப் போகும் என்றார். குழாய் வழியாகப் பார்ப்பது போல ஆகும், அப்புறம் அந்தக் குழாயும் அடைபடலாம். அடுத்த சீசன் எப்படியிருக்கும் என்று கேட்டார் வெளிநடப்பு. டாக்டர் அவர் ஏதோ வேலை சீசனைச் சொல்கிறார் என்று நினைத்து, வேலையை மாற்றிக்கொள்ளச் சொன்னார்.

பெண்டாட்டியிடம் மட்டும் சொன்னார். அவள் ராத்திரியும் காலையும் அவர் தாடையைப் பிடித்து நிமிர்த்திச் சொட்டு மருந்து விட்டாள். 

அன்றைக்கு அவர் ஒரு முடிவு எடுத்தார். கண் மூடுவதற்குள் ஒரு கோலை, ஒரே ஒரு கோலை, அடிப்பதிலிருந்து வலை ஆடுவது வரைக்கும் பார்த்துவிட வேண்டும். அதனால் அந்த வாரம் “எழுபது” என்றதும் எழுந்தார், முதுகில் தட்டு வாங்கினார், படியிறங்கினார். ஆனால் வெளியே கக்கூஸ் பக்கம் போகவில்லை. படிக்கட்டுத் தூணுக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடுக்கு இருக்கிறது. அங்கே ஒளிந்து நின்று பார்த்தார். அந்த இடுக்கும் அவருடைய குழாய்ப் பார்வையும் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தின. கோல் கம்பம் இரண்டும் கச்சிதமாக உள்ளே.

கோல்தான் விழவில்லை. அடுத்த மேட்ச்சிலும் இல்லை. அதற்கடுத்ததிலும். அப்படியே ஒன்பது மேட்ச். அணி அட்டவணையில் வழுக்கி வழுக்கிக் கடைசிக்கு முந்தின இடத்தில் வந்து நின்றது. இன்னும் ஒரே ஆட்டம். ஜெயித்தால் பிழைக்கும். இல்லையென்றால் கீழ் டிவிஷன்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் டிரைவருடைய பஸ்ஸில் மாநாடு கூடியது. கடைசி நிறுத்தத்தில் பஸ் இருபத்தைந்து நிமிஷம் சும்மா நிற்கும். பக்கத்திலேயே கறிக்கடை. கடைக்காரர் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு வந்து ஏறினார். வெளிநடப்பும், அவர் பெண்டாட்டியின் தம்பியான எலக்ட்ரீஷியனும் பின் சீட்டில்.

“நெட்டைய எடுத்துடணும்ண்ணே,” என்று தொடங்கினார் கறிக்கடைக்காரர். நெட்டை என்பது நடுவில் ஆடும் முன்கள ஆட்டக்காரன். “கோல் கிட்ட போனதும் கூச்சப்படுறான். மாமியார் வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி.”

“அவனாவது போறான். புதுமாப்பிள்ள?” என்றான் எலக்ட்ரீஷியன். “போன சீசன்ல பதினாலு கோல். கல்யாணம் ஆச்சு, கால் போச்சு.”

“கல்யாணத்த ஏன்டா இழுக்குற?” டிரைவர் சீட்டிலிருந்தே திரும்பினார். “எனக்குந்தான் கல்யாணம் ஆச்சு. பஸ்ஸ கொண்டுபோய் மரத்துலயா விட்டேன்?”

“ஒரு தடவ விட்டீங்கண்ணே.”

“அது மரம் இல்லடா. விளக்குக் கம்பம்.”

“எட்டடி தூரத்துலேருந்து வெளிய அடிக்கிறானுங்க. கண்ணக் கட்டி விட்டாக்கூட நானே அடிப்பேன்,” என்றார் கறிக்கடைக்காரர். “எங்க ஆத்தா அடிக்கும்.”

சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியது. டிரைவர் கண்ணாடியில் வெளிநடப்பைப் பார்த்தார். பஸ்ஸில் டிக்கெட் எடுக்காத ஆளைப் பார்க்கிற பார்வை.

“நீ ஒழுங்காத்தான் போறியா?”

“எங்க?”

“வெளிய.”

“போறேனேப்பா.”

“போன மேட்ச்ல நல்ல மழ. நீ திரும்பி வந்தப்ப உன் சட்ட நனையல.”

எலக்ட்ரீஷியன் ஜன்னல் பக்கம் பார்த்தான். மாமாவைக் கோர்ட்டில் நிறுத்துவது அவனுக்குப் பிடிக்கவில்லை.

“கூரைக்குக் கீழ நின்னேன்,” என்றார் வெளிநடப்பு. பாதி உண்மை.

“தப்பா எடுத்துக்காதடா,” டிரைவர் குரல் இறங்கியது. “கெஞ்சிக் கேக்குறேன். நாளைக்கு மட்டும் சுத்தமா போயிடு. கேட்டையும் தாண்டிப் போயிடு. நம்ம பயலுங்க கீழ போனா நான் அடுத்த வருஷம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் பஸ் ஓட்டுவேன்?”

வெளிநடப்பு தலையாட்டினார்.  நெட்டையும் புதுமாப்பிள்ளையும் ஒன்பது மேட்ச்சாக வாங்குகிற வசவெல்லாம் நியாயமாகத் தனக்கு வரவேண்டியது என்று அவர் மனசார நம்பினார். சிரிக்கலாம். ஆனால் பதினோரு வருஷம் இரண்டு வரிசை ஜனம் எழுந்து நின்று வழியனுப்பினால் நீங்களும் நம்புவீர்கள்.

“நாளைக்காவது நல்லா பாத்துட்டு வாங்க,” என்றாள் பெண்டாட்டி, ராத்திரி மருந்து விட்டபடி. அவருக்குக் கண் எரிந்தது. மருந்தாகவும் இருக்கலாம்.

ஆட்டம் தொடங்கியதிலிருந்து நெட்டை தலையால் முட்டியதெல்லாம் மேலே போனது. புதுமாப்பிள்ளை கோல்கீப்பரைத் தாண்டிவிட்டு, தாண்டிய ஆச்சரியத்தில் பந்தை விட்டுவிட்டான். குழாய்க்குள் பந்தைப் பிடிக்கத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி வெளிநடப்புக்குக் கழுத்து சுளுக்கியது. பூஜ்யம், பூஜ்யம்.

“எழுபது.”

டிரைவர் கடிகாரத்தை இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். வரிசை எழுந்தது. இந்தத் தடவை யாரும் தமாஷ் பண்ணவில்லை. கறிக்கடைக்காரர் அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தூணருகே வந்ததும் கால் நின்றது. இடுக்கு அங்கேயே இருந்தது. உள்ளே இரண்டு வெள்ளைக் கம்பம், நடுவே வலை, சாயங்கால வெயில். நெட்டை முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். சட்டை முழுக்க வியர்வை. இருபது வயசு இருக்கும். இருபதாயிரம் பேர் திட்டுகிற முதுகு. அவர் கொஞ்ச நேரம் அந்த முதுகைப் பார்த்தார். பிறகு படியிறங்கினார்.

“வெளிய போனா திரும்ப உள்ள விட மாட்டோம் பெரியவரே,” என்றான் கேட் காவலாளி.

“தெரியும்ப்பா.”

ரோட்டைக் கடந்து பஸ் நிறுத்தத்தில் மைதானத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். மூன்று தடவை பின்னால் சத்தம் எழும்பியது. ஒவ்வொரு தடவையும் பாதி வழியில் “ச்சே” என்று படுத்தது. நாலாவது தடவை எழும்பவே இல்லை. விசில் கேட்டது. பிறகு ஜனம் வெளியே வந்தது. ஜெயித்த கூட்டம் எப்படி நடக்கும் என்று அவருக்குத் தெரியும். இது செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்தது.

மூவரும் அவரைத் தேடி வந்தார்கள்.

“நெஜமா இங்கயா இருந்த?” என்றார் டிரைவர்.

“இங்கதான். கேட்டுல இருக்குறவனக் கேட்டுக்கோ.”

“அப்போ…” என்று ஆரம்பித்த டிரைவர் முடிக்கவில்லை.

வெளிநடப்புதான் முடித்தார். ஒன்பது மேட்ச்சாகத் தூணுக்குப் பின்னால் நின்றதைச் சொன்னார். ஏன் நின்றார் என்பதையும் சொன்னார். கண்ணைச் சொல்ல நினைக்கவில்லை, அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. “என்னாலதான் விழலன்னு நெனச்சேன். இன்னைக்குப் போனேன், அப்பவும் விழல. நான் நின்னதுனாலயும் இல்ல, போனதுனாலயும் இல்ல.”

நாலு பேருக்கும் ஒரே சமயத்தில் ஒரே கணக்கு மண்டைக்குள் ஓடியது. பதினோரு வருஷம். எத்தனை கோல். எல்லாம் அவர் கக்கூஸ் சுவரைப் பார்த்து நின்ற நேரத்தில்.

“மாமா, கண்ண எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?” என்றான் எலக்ட்ரீஷியன். 

டிரைவர் மூக்கைச் சிந்தினார். “எந்திரி. வா.” அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட்டுக்குள் போனார். மைதானத்தைப் பராமரிப்பவர் மூலைக் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். தினமும் டிரைவர் பஸ்ஸில் வருகிறவர். “பத்து நிமிஷம். ஒரு பந்து குடுங்க,” என்றார் டிரைவர். டிரைவரின் மூஞ்சியைப் பார்த்துப் பராமரிப்பவர் ஒன்றும் கேட்காமல் கொடுத்தார்.

வெளிநடப்பைக் கம்பத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். கோல்கீப்பர் கிடையாது. எட்டடி. எலக்ட்ரீஷியன் ஓடிவந்து அடித்தான். பந்து கொடிப்பக்கம் போனது. கறிக்கடைக்காரர் ஆத்தாவை நினைத்துக்கொண்டு ஓங்கி அடித்தார். பந்து நின்ற இடத்தில் நின்றது, அவர் மல்லாந்தார். டிரைவர் அடித்தது கம்பத்துக்கு மேலே காலி நாற்காலிகளில் போய் உட்கார்ந்தது.

“நெட்டைய இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன்,” என்றார் கறிக்கடைக்காரர், படுத்தபடியே.

வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. டிரைவர் மறுபடி பந்தை வைத்தார். வெளிநடப்பு அவர் பூட்ஸ் நுனியையே உற்றுப் பார்த்தார், கண் சிமிட்டவில்லை. கால் வந்தது, பந்து கிளம்பியது, குழாயின் ஓரத்தைத் தாண்டியது, இருட்டுக்குள் போனது. டங்கென்று கம்பத்தில் ஒரு சத்தம். அவர் தலையைத் திருப்பித் தேடிக் கண்டுபிடித்தபோது பந்து வலை மூலையில், ரொம்ப நேரமாக அங்கேயே இருப்பதுபோல உட்கார்ந்திருந்தது.

“பாத்தியா? பாத்தியாடா?” டிரைவர் தொப்பை குலுங்க ஓடி வந்தார். அவர் முகம் முழுக்க ஈரம்.

“பாத்தேன்,” என்றார் வெளிநடப்பு. “கம்பத்துல பட்டு உள்ள போச்சு. என்னா அடி!”

மூன்று பேரும் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

மூன்றாம் மாடிக்கு ஏற வழக்கத்தைவிட நேரமானது. படியின் ஓரம் தெரியவில்லை. சுவரைத் தடவித் தடவி ஏறினார். அவள் மருந்துப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எத்தனை கோல் என்று கேட்டாள்.

“ஒண்ணு. ஆட்டம் முடிஞ்சப்புறம். டிரைவர் அடிச்சான்.” அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “நான் பாக்கல. எதையுமே நான் பாத்ததில்ல. இத்தன வருஷமும்.”

அவள் அவருடைய தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

“தெரியும். கறிக்கடைக்காரர் பொண்டாட்டி அப்பவே சொல்லிட்டா,” என்றாள். சொட்டு விழுந்தது. “பாக்காத கோலத்தான பதினோரு வருஷமா கைய ஆட்டி ஆட்டி சொன்னீங்க. இதையும் சொல்லுங்க. எந்தக் கால்ல அடிச்சாரு?”