கஞ்சி போட்ட வேட்டி

போன வருஷம் தை மாதம் நடந்தது இது. கல்வராயன் மலை அடிவாரத்தில் எங்கள் வீடு. எனக்கு ஜவ்வரிசி ஆலையில் வேலை. என் மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து நாளாக அவள் என்னோடு பேசவில்லை.

காரணம் நான்தான். அவள் நோட்டுக்குள் ஒரு கத்தைச் சீட்டு கிடைத்தது. எல்லாம் எண்ணும் கோடுமாக ஏதோ ரகசிய எழுத்து. ஒன்றில் மட்டும் ‘புளியமரத்தடிக்கு வா, யாருக்கும் சொல்லாதே’ என்று தமிழில் இருந்தது. வயசுப் பெண்ணின் நோட்டில் இதைப் பார்த்தால் பெற்றவள் என்ன நினைப்பாள்? ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. ஒரு வார்த்தை கேட்காமல் கன்னத்தில் ஒன்று வைத்தேன். சீட்டுகளை அடுப்பில் போட்டேன்.

கூடப் படிக்கிற பெண் வந்து சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. இவர்கள் தோழி ஒருத்திக்குப் பிறந்தநாளாம். சீட்டுச் சீட்டாகக் குறிப்பு கொடுத்து ஊரெல்லாம் தேடவைத்து, கடைசியில் புளியமரத்தடியில் பரிசு கொடுப்பார்களாம். ஒரு மாதமாக உட்கார்ந்து எழுதியதாம் அத்தனையும்.

அடுத்து என் மகளின் பிறந்தநாள் வந்தது. பெற்றவள் போய் மன்னிப்புக் கேட்பதா என்று எனக்கு வீம்பு. பேசாமலே கேட்டுவிட ஒரு வழி தோன்றியது. ஆலையில் கிடைக்கும் மரவள்ளிக் கிழங்குமாவைக் கரைத்து எழுதினால் காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாது, காயத்துக்குப் போடும் அயோடினைத் தண்ணீரில் கலந்து தெளித்தால் நீலமாகத் தெரியும். பள்ளியில் படித்ததை அவளே ஒருநாள் செய்து காட்டியிருந்தாள். முந்தின நாள் இரவு என் கணவரின் வெள்ளை வேட்டியில் விரலால் பெரிதாக எழுதிக் கொடியில் காயப்போட்டேன்.

பிறந்தநாள் காலையில் மலையிலிருந்து பனி வாசல்வரை இறங்கியிருந்தது. முதல் சீட்டு அவள் சீப்புக்கு அடியில்: ‘நீ நடை பழகிய இடம்.’ கிணற்றடிக்குப் போனாள். அடுத்தது அவள் பேர் வைத்த ஆட்டுக்குட்டியின் கழுத்தில். பனிக்குள் மறைவதும் தெரிவதுமாக அவள் நடந்தபோது, பாவாடை தடுக்கி நடந்த சின்னப் பிள்ளையாகவே தெரிந்தாள். சிரிப்பை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டிருந்தாள். நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிச் சீட்டில் சொன்னபடி, கொடியடியில் நான் வைத்திருந்த அயோடின் தண்ணீர் பாட்டிலை எடுத்து வேட்டியில் தெளித்தாள். ஒரு நீலத் திட்டு வந்தது. பிறகு இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேட்டி முழுக்க நீலம் பரவிவிட்டது. பனி விலகி, பின்னால் தெரிந்த மலையும் அதே நிறம். எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை.

அப்போதுதான் உறைத்தது. போன வாரம் அதே வேட்டிக்குக் கிழங்குமாவுக் கஞ்சி போட்டு மொடமொடவென்று காயவைத்தவள் நான்தானே.

நான் கொடியடிக்கு ஓடினேன். அவள் திரும்பிப் பார்த்தாள். “இன்னாம்மா எழுதியிருந்த?”

பதினைந்து நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. ‘பிறந்தநாள் வாழ்த்து’ என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நாக்குவரை வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை.

“ஒண்ணுமே கேக்காம அடிச்சிட்டேன் பாப்பா. தப்பு என்னுதுதான். அதத்தான் எழுதனேன்.”

அவள் பாட்டிலைக் கீழே வைத்தாள். பிறகு, “அத எழுத அப்பா வேட்டிதான் கெடச்சிதா?” என்று சிரித்தபடியே என் தோளில் சாய்ந்து அழுதாள்.

“யாரு வேட்டி?” என்று உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

அன்று அந்த எழுத்து ஒழுங்காகத் தெரிந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பகீரென்கிறது.