மாமியிடம் மறைத்த மரணம்

நான் கலியாணம் முடித்தது ஓர் ஈரானியரை. பிரெஞ்சு பேசும் ஊரொன்றில், நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் இருந்த எங்கள் அப்பார்ட்மென்டில் அவருடைய தாயும் இருந்தார். மாமிக்கு இதய வருத்தம். அந்த மாரிக் குளிரில், ஈரானில் ஷிராஸ் நகரில் இருந்த அவரது இளைய மகன் கார் விபத்தில் இறந்துபோனார். என் கணவரும் அவருடைய அக்காவும் குசினிக் கதவைச் சாத்திவிட்டு, தாயிடம் சொல்வதில்லை என்று முடிவெடுத்தார்கள். தம்பி கப்பலில் வேலைக்குப் போய்விட்டான், அங்கே தொலைபேசி எடுபடாது என்றார்கள்.

மாமி நம்பினார். கடல் குளிருக்கென்று சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்று பின்னத் தொடங்கினார். அளவு பார்க்க என் கணவரைத்தான் போடச் சொல்வார். அவர் போட்டுக் காட்டிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுவார்.

என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் அப்பா இறந்தபோது எனக்கு இங்கே பரீட்சை. அது முடியும்வரை எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் கிழமை முழுக்க நான் சிநேகிதிகளோடு சிரித்துத் திரிந்தேன். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசும்.

நானும் கணவரும் பிரெஞ்சில்தான் கதைப்போம். ஸ்வெட்டரின் இரண்டாவது கை முடிந்த அன்று அவரிடம் சொன்னேன்: "ஞாயிற்றுக்கிழமைக்குள்ள நீங்கள் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் சொல்லுவன்."

"அம்மாவுக்கு ஏதும் நடந்தா?"

"நான் பக்கத்திலை இருப்பன். பெத்த பிள்ளைக்கு அவா அழவேணும்."

மருத்துவரிடமும் கேட்டோம். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லச் சொன்னார். ஞாயிறு காலை தேநீருக்குப் பிறகு கணவர் சொன்னார். மாமி கத்தவில்லை. அவர்கள் வழக்கப்படி, புதைப்பதற்கு முன் உடலைக் குளிப்பாட்ட வேண்டும். அதைத்தான் கேட்டார்.

"ஆர் அவனைக் குளிப்பாட்டினது?"

எங்களுக்குத் தெரியாது. விசாரிக்கவே தோன்றவில்லை. அப்போதே ஷிராஸுக்குத் தொலைபேசி எடுக்க வைத்தார். குளிப்பாட்டியது என் கணவரின் சித்தப்பா மகன்தான் என்று தெரிந்த பிறகே அழுதார்.

பல கிழமைகள் பெற்ற பிள்ளைகள் இருவரோடும் அவர் கதைக்கவில்லை. கறுப்பு உடுத்தி, மாவை வறுத்துக் குங்குமப்பூ போட்டு, இறந்தவர் நினைவாகப் பங்கிடும் ஹல்வா கிண்டினார். என்னையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டி, தன் மகன் இறந்துவிட்டான் என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொல்லி, ஹல்வாவை நீட்டினார்.

பனி உருகியதும் கல்லறையைப் பார்க்கத் தனியாகவே விமானம் ஏறினார். திரும்பி வந்த அன்று என் கணவரின் கன்னத்தைத் தொட்டு, மெலிந்துபோனாய் என்றார். சாப்பிடும்போது, இளையவன் சின்ன வயதில் அடுத்த வீட்டுக் கோழியைக் கட்டிலுக்குக் கீழே ஒளித்துவைத்த கதையைச் சொல்லத் தொடங்கினார்.

"கோழி இல்லையம்மா, வாத்து" என்றார் என் கணவர்.