அருமைராசாவின் கலங்கல் பியர்

அருமைராசாவுக்குப் பியரில் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. வெள்ளி செவ்வாய் தொடமாட்டார். கந்தசஷ்டி வந்தால் அந்தப் பக்கமே போகமாட்டார். கெபெக்கின் செயின்ட்-மிஷேலில் முப்பது வருசமாகப் பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை. வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் கோயில். அப்படிப்பட்ட மனிசன் பியர் செய்ய இறங்கியது சம்பந்திக்காக.

மகள் ஆர்த்திகா கட்டப்போகிற மத்தியு பிரெஞ்சு கதைக்கிற கெபெக் பொடியன். அவனுடைய தகப்பன் ரெஜானும் இவரும் சந்தித்த முதல் நாள், பொன்ஜூர் என்று வணக்கம் சொன்னதோடு இரண்டு பேருக்கும் கதை முடிந்துவிட்டது. சிரித்துச் சிரித்து வாய் நொந்ததுதான் மிச்சம். ரெஜான் வீட்டிலேயே பியர் செய்கிறவர். நத்தார் பண்டிகைக்கு வாளி, குழாய், மால்ட் பாகு என்று எல்லாம் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்தார். அதன்பிறகு கையாலும் முகத்தாலும் ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். கதைக்க இருப்பது அது ஒன்றுதான். ஆனபடியால் பியர் பிழைத்துப்போகக்கூடாது.

பிழைத்தது. ருசி பரவாயில்லை, பார்வைக்குத்தான் அரிசி கழுவின தண்ணீர். ரெஜான் கிளாசை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முதுகில் தட்டினார், அடுத்தமுறை வரும்போது ஒரு சின்னப் பொட்டலம் கொண்டுவந்தார். இந்தத் தூளைக் கரைத்து விட்டால் கலங்கல் எல்லாம் அடியில் போய்ப் படுத்துவிடும் என்று கையால் காட்டினார். அருமைராசா மெர்சி சொல்லி இரண்டு கையாலும் வாங்கினார்.

பேந்துதான் ஆர்த்திகா சொன்னாள், அது ஜெலற்றின், மாட்டுத் தோலையும் எலும்பையும் அவித்து எடுக்கிறது என்று. மனைவி குணேஸ்வரி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, சாமியறை இருக்கிற வீடு இது. பியரையே நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு பாக்கிறன்."

அவள் சொல்லாவிட்டாலும் அவர் போட்டிருக்கமாட்டார். எறியவும் மனமில்லை, ஒரு மனிசன் அன்பாகத் தந்தது. வாசலடியில் சப்பாத்து அடுக்குகிற தட்டில் வைத்தார்.

கலியாணத்துக்கு நாள் பேச ரெஜான் வருவதாக இருந்தது. அதற்குள் மாடு சேராமல் பியரைத் தெளியவைக்கவேண்டும். குளிரில் வைத்தால் தெளியும் என்று வேலையிடத்தில் ஒருவர் சொன்னார். குளிர்சாதனப்பெட்டியில் அபிசேகப் பால் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் இதுவா என்று குணேஸ்வரி கேட்டாள். சரியென்று வாளியைப் பல்கனியில் வைத்தார். விடிய எழும்பிப் பார்த்தால் ஐஸ் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. குளியலறைக்குள் இழுத்துவந்து உருகவைத்தார். அன்று வெள்ளிக்கிழமை. தலைமுழுக வந்த குணேஸ்வரி வாளியையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். உருகிய பியர் முன்பைவிடக் கலங்கி இருந்தது.

போத்தல்களில் அடைத்து அலுமாரியில் அடுக்கினார். வேலையால் வந்தால் ஜாக்கெட் கழற்றமுன்னமே ஒவ்வொன்றாக எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்து, மின்குமிழுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். தெளியவில்லை. நாளைக்கும் பார்ப்பார். தெளியவில்லை.

"பிள்ளைத்தாச்சியைக்கூட இப்பிடி நெடுக ஸ்கான் பண்ணமாட்டினம்" என்றாள் குணேஸ்வரி.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. முருகனிடம் சொல்லி அழவும் கூச்சமாக இருந்தது. என்னவென்று கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை ரெஜான் வந்து உட்கார்ந்தார். அருமைராசா ஒரு போத்தலை எடுத்துக் கடைசியாக ஒருமுறை கவிழ்த்துப் பார்த்துவிட்டு ஊற்றினார். அதே கழுநீர். தூள் போடவில்லையா என்று ரெஜான் கேட்க, ஆர்த்திகா முந்திக்கொண்டு, அப்பா மறந்துபோனார் என்று பிரெஞ்சில் சொன்னாள். மறதிக்கான அந்தச் சொல்லை முப்பது வருசமாகச் சூப்பர்வைசரின் வாயில் கேட்டவர் அவர்.

"நோ, ரெஜான். பா ஊப்ளியே" என்றார். மறக்கவில்லை. பிறகு மாட்டுக்குத் தனக்குத் தெரிந்த பிரெஞ்சைச் சொன்னார். "வாஷ்." சொல்லிவிட்டுச் சாமியறைப் பக்கம் கைகூப்பினார்.

ரெஜானின் காது சிவந்தது. எழுந்துபோய்ச் சப்பாத்துத் தட்டில் கிடந்த பொட்டலத்தை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் போட்டார். பிறகு வந்து அந்தக் கிளாசை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். அருமைராசாவுக்கு அதுவும் ஆறுதலாக இல்லை. மற்றப் போத்தலாவது தெளிந்திருக்கிறதா என்று எடுத்துக் கவிழ்த்தார். ரெஜான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். ஆர்த்திகாவிடம் ஏதோ கேட்டார், அவள் பதில் சொன்னாள், மனிசன் தலையில் கைவைத்தபடி இருந்துவிட்டார்.

"அப்பா, அடியில படுக்கிறதை நீங்கள்தான் ஒவ்வொரு நாளும் எழுப்பி விட்டிருக்கிறியளாம். தொடாமல் விட்டிருந்தால் தன்பாட்டில தெளிஞ்சிருக்குமாம்."

அப்ப அந்தப் பல்கனி? அந்த ஐஸ்? அருமைராசாவுக்கு ஆரைக் கோபிப்பதென்றே தெரியவில்லை.

ரெஜான் போத்தல்களை நேராக நிறுத்தி அலுமாரியைச் சாத்தினார். கலியாணத்தன்றுதான் திறக்கலாம் என்று விரலை ஆட்டிச் சொன்னார். அவர் போன கையோடு அருமைராசாவின் கால் தானாக அலுமாரிப் பக்கம் நடந்தது.

அலுமாரிக் கதவுக்கு முன்னால் கதிரையைப் போட்டுக் குணேஸ்வரி உட்கார்ந்திருந்தாள்.