சகலை பிணமாக நடித்த படம்

திருக்கோவிலூர் பக்கத்தில் இருக்கும் என் மாமனார் வீட்டில் டயர், டீசல் என்றால் சின்ன மருமகனிடம் கேட்பார்கள். எந்த அரசர், எந்தக் கல்வெட்டு, பஞ்சம் வந்தது எந்த வருஷம் என்றால் பெரிய மருமகனான என்னிடம். பழைய நூல்களைத் தேடிப் படித்து ஆண்டு வாரியாகக் குறித்து வைப்பது என் வழக்கம். அந்த வீட்டில் எனக்கிருந்த மதிப்பே அதனால்தான். இந்தப் பொங்கலுக்கு வந்த ஒரு படம் அதிலும் கை வைத்தது.

நவாபு காலத்துக் கோட்டை நகரம் ஒன்றில் கூலிக்குக் கொலை செய்யும் கும்பலின் கதை. சகலை மலைமேல் இருக்கும் கரியாலூருக்குச் சுற்றுலா வேன் ஓட்டுகிறவர். மலையில் படமெடுக்க வந்தவர்களை ஏற்றிப் போனவர், பிறகு சென்னைப் பக்கம் அவர்கள் போட்டிருந்த நகர செட்டுக்கும் வண்டி ஓட்டியிருக்கிறார். ஆள் பற்றாத ஒருநாள், சந்தையில் வெட்டுப்பட்ட பிணமாக அவரைப் படுக்க வைத்துவிட்டார்கள்.

மாட்டுப் பொங்கலன்று குடும்பமே கள்ளக்குறிச்சிக்குப் போய்ப் பார்த்தது. நியாயமாகச் சொன்னால், தெருக்கள் அபாரம். விளக்கு வைக்கும் நேரத்தில் கோட்டைச் சுவரோரம் ஆட்கள் நிழலாய் நடக்கும் காட்சியில், இத்தனை வருஷம் படித்தும் என் மனத்தில் எழும்பாத ஊர் எழும்பி நின்றது. எடுத்தவர் மேல் எரிச்சலாக வந்தது. கொலைகள்தான் மிகுதி. முதல் கொலையில் நாற்காலிக் கையை இறுகப் பிடித்தேன். அப்புறம் ரத்தம் பீய்ச்சும்போதெல்லாம் தலைப்பாகைக் கட்டு சரிதானா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டேன். ஓயாமல் ஆட்களை வெட்டுகிற படத்தில் ஒரு சாவுகூட மனத்தில் தங்கவில்லை.

சந்தைக் காட்சியில் முகமெல்லாம் ரத்தமாகச் சகலை மல்லாந்து கிடந்தார். மாமியார் எழுந்து நின்று, "எங்க மாப்ள! எங்க மாப்ள!" என்றார். எனக்காக அவர் எங்கும் அப்படி எழுந்து நின்றதில்லை.

மறுநாள் ஊரில் கறிச்சோறு. மாமனார் பக்கத்தில் நான் உட்காரும் இடத்தில் சகலை உட்கார்ந்திருந்தார்.

"ரத்தம்னு ஊத்துனது சக்கரைப் பாகு மாமா. எறும்பு காதுக்குள்ள பூந்துக்கினு போவுது. ஆடவே கூடாதுன்னுட்டாங்க."

"நெசமாவே செத்தாப்ல இருந்துச்சு, சின்ன மாப்ள," என்றார் மாமனார்.

"வூட்லயும் அப்படித்தாம்ப்பா படுத்துக்கினு கெடக்கறாரு. எழுப்புனா எழுந்திரிக்க மாட்டாரு," என்றாள் சகலையின் மனைவி.

மாமியாருக்கு மட்டும் ஒரு குறை. "எதிர்வூட்டுக்காரரு, அது ஒங்க மாப்ளயே இல்லன்னு சொல்லிக்கினு திரியறாரு. மூஞ்சி தெரியலியாம்."

நான் தொண்டையைச் செருமினேன். "அந்தச் சந்தையில தக்காளி உருளுது, பாத்தீங்களா மாமா? நவாபு காலத்துல நம்ம பக்கத்துச் சந்தையில தக்காளி ஏது?"

"அப்போ கொழம்பு இன்னாத்துல வெச்சாங்க?"

"புளியிலதான்."

"தக்காளிய வுடுங்கண்ணா, என்னப் பாத்தீங்களா?" என்றார் சகலை.

அதைக் கடைசியாகச் சொல்லத்தான் வைத்திருந்தேன். "பாத்தேன். எடது கையில, தோளுக்குக் கீழ ஊசித் தழும்பு பளிச்சுன்னு தெரிஞ்சுது. கைக்கொழந்தைக்குப் போடற பி.சி.ஜி. ஊசி. சுதந்திரத்தை ஒட்டித்தான் நம்ம நாட்டுக்கே வந்துச்சு. நவாபு காலத்துப் பொணத்துக்கு அது எப்படி வந்துச்சு?"

பந்தியே நிமிர்ந்து என்னைப் பார்த்தது. சகலை சட்டைக் கையைத் தூக்கித் தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அவர் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"அந்தத் தழும்பு சினிமாவுல தெரியுதா!" என்று கத்தினார் மாமியார். "அப்போ இவரு இல்லன்னு எவன் சொல்ல முடியும்? அந்த மனுசனக் கூட்டிக்கினு போயிக் காட்டணும்!"

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனோம். மாமனார் என்னைத் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். எனக்கு அந்தப் பக்கம் சகலை. முன்வரிசையில் எதிர்வீட்டுக்காரர்.

"எப்போ வரும்னு கரெக்டா சொல்லணும், பெரிய மாப்ள," என்றார் மாமனார்.

தக்காளி உருளத் தொடங்கியது. "இப்பங்க மாமா. எடது கை," என்று கை நீட்டிக் காட்டினேன்.

"அட, ஆமாய்யா!" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

மாமனாரின் கை என் மார்புக்குக் குறுக்கே நீண்டு போய், சகலையின் தோளைத் தட்டிக்கொடுத்தது.